தட்டு இறங்கிய வீடு: செந்தூல் பிளாட் ஒன்றில் ஏழு மாதங்கள்

கோலாலம்பூர் செந்தூலில் என் பெரியம்மா இருக்கும் பிளாட்டுக்கு 2025 மார்ச்சில் சாயம் அடித்தார்கள். வெளிச்சுவரில் தொங்கும் துணைக்கோள் டிவி தட்டுகளை எல்லாரும் கழற்றிவிட வேண்டும், சாயம் காய்ந்த பிறகும் பழைய இடத்தில் மாட்டக்கூடாது என்று பராமரிப்புக் குழு லிஃப்ட் பக்கத்தில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. மலாயில் இருந்த அந்த நோட்டீஸை அக்கா படித்தார், மறந்துபோனார். ஏணியோடு ஆள் வந்து தட்டை இறக்கிய அன்று சாயங்காலம் நான்கு மணிக்குப் பெரியம்மா வழக்கம்போல ஆஸ்ட்ரோவின் தமிழ்ச் சேனலான 201-ஐ அழுத்தினார். சிக்னல் இல்லை என்றது திரை. நான்கு மணி இரண்டு நிமிடத்துக்கு என் கைப்பேசி அடித்தது.

குடும்பத்தில் ஒருவனுக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று பெயர் வந்துவிட்டால் போதும், அரிசி குக்கர் பழுதானாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். நானும் போனேன். சந்தாவை நிறுத்திவிட்டு ஸ்ட்ரீமிங் கருவி ஒன்றை மாட்டினால் ஒரு மத்தியானத்தில் வேலை முடிந்துவிடும் என்று நினைத்துத்தான் போனேன். முடிய ஏழு மாதம் ஆனது. அதில் இரண்டு மாதம் என் முட்டாள்தனத்தால் போனது. மீதி மாதங்களில் நடந்ததைச் சரியாகப் புரிந்துகொள்ள, அந்த வீட்டில் டிவி உண்மையில் என்ன வேலை செய்தது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

வீடும் டிவியும்

வீட்டில் மூன்று பேர். பெரியம்மாவுக்கு 71 வயது. தமிழ் நன்றாகப் படிப்பார், மலாய் பேசுவார், ஆங்கிலம் தெரியாது. அக்கா மருத்துவமனை ஒன்றில் ஷிப்ட் வேலை செய்கிறார், பில் கட்டுவது அவர்தான். அக்காவின் மகனுக்குப் பன்னிரண்டு வயது, அவனுக்கு டிவியே தேவையில்லை, கைப்பேசி போதும். பெரியப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2022-இல் தவறிவிட்டார்.

டிவி 2014-இல் வாங்கிய 40 அங்குலம். ஸ்மார்ட் டிவி இல்லை. பின்னால் இரண்டு எச்டிஎம்ஐ துளை, ஒரு யுஎஸ்பி துளை. ஃபைபர் இணையம் ஏற்கெனவே இருந்தது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கி, பையனுக்கு வீட்டிலிருந்தே பள்ளிக்கூடம் என்று ஆனபோது 100 எம்பிபிஎஸ் வேகத்தில் எடுத்தது. ரவுட்டர் அவன் படிக்கும் அறையில், மேசைக்குக் கீழே கிடந்தது. இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறது.

வெளிநாட்டுக்காரர்கள் இந்த வேலையைக் 'கேபிளை வெட்டுவது' என்கிறார்கள். நம் ஊரில் வெட்டுவதற்குக் கேபிளே இருந்ததில்லை. 1963 டிசம்பர் 28-இல் அரசு ஒளிபரப்பு தொடங்கியபோதும், 1984-இல் டிவி3 வந்தபோதும் கூரை ஏரியல்தான். 1995-இல் வந்து 2001-இல் மூடிய மெகா டிவி கம்பியில்லாச் சிற்றலையில் வந்தது. 1996-இல் ஆஸ்ட்ரோ துணைக்கோள் வழியாக வந்த பிறகு சந்தா டிவி என்றாலே ஒரு தட்டு, ஒரு டிகோடர் என்று ஆகிவிட்டது. துணைக்கோளிலிருந்து வரும் கேயூ அலை மழைத்துளியில் வலுவிழக்கும். நாலு மணிக்குக் கோலாலம்பூரில் இடியோடு மழை கொட்டினால் படம் கட்டம் கட்டமாக உடைவதற்கு அதுதான் காரணம், யார் மேலும் குற்றமில்லை. "மழை பேஞ்சா டிவிக்கும் சளி பிடிச்சிரும்" என்பார் பெரியப்பா.

வேறு வழிகளையும் யோசித்தோம். 2012-இல் வந்த ஆஸ்ட்ரோவின் என்ஜோய் சேவைக்கு மாதக் கட்டணம் கிடையாது, ஆனால் தட்டு வேண்டும், அதனால் அது முதலிலேயே கழிந்தது. தட்டில்லாமல் இணையம் வழியாகவே சந்தாவைத் தரும் பெட்டியும் இப்போது உண்டு. அதற்கு மாறியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. பில்லைப் பார்த்து அக்காதான் சொன்னார்: "மாசம் 132 வெள்ளி. 201-ஐயும் இன்னும் ரெண்டு சேனலையும் தவிர அம்மா எதைப் பார்க்கிறாங்க? கொஞ்ச நாள் இல்லாம இருந்து பார்ப்போம் தம்பி."

முதல் தவறு: எல்லாம் ஓசியில் வரும் பெட்டி

இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. நான் நல்ல கருவியைத் தேடிக்கொண்டிருந்த வாரத்தில் மாமா ஒருவர் பாசார் மாலாமில் 250 வெள்ளி கொடுத்துக் கறுப்புப் பெட்டி ஒன்றை வாங்கி வந்துவிட்டார். ஆயிரம் சேனல், ஆயுள் முழுக்க இலவசம். எனக்கு விஷயம் தெரியும். தெரிந்தும் பெரியம்மாவின் முகத்தைப் பார்த்து மாட்டிக் கொடுத்தேன். அன்று சாயங்காலமே தமிழ்ச் சேனல்கள் வரிசையாக வந்தன. பெரியம்மா மாமாவுக்கு டீ போட்டார், எனக்குப் போடவில்லை.

முதல் சந்தேகம் பையனுக்குத்தான் வந்தது. நெட்ஃபிளிக்ஸில் அவன் கணக்கைத் திறந்தால் படம் மங்கலாக இருந்தது. கைப்பேசியில் பளிச்சென்று இருக்கும் அதே படம், டிவியில் பழைய விசிடி மாதிரி. காரணம் எளிது. படம் கொடுக்கும் நிறுவனங்கள், கருவி பாதுகாப்பானதா என்று வைட்வைன் என்ற பூட்டு வழியாகச் சோதிக்கும். சான்று பெற்ற கருவிக்கு எல்1 நிலை கிடைக்கும், உயர்தரப் படம் வரும். சான்றில்லாத பெட்டிக்கு எல்3தான், 480 கோடு தரத்தோடு நின்றுவிடும். அட்டையில் 8கே என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும் இதுதான் கதி.

இரண்டாவது விஷயம்தான் என்னைப் பயமுறுத்தியது. ஒரு நாள் இரவு அங்கேயே தங்கினேன். தூக்கம் வராமல் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, எந்தக் கருவி எவ்வளவு இணையம் எடுக்கிறது என்று பார்த்தேன். டிவி அணைந்திருக்கிறது. கூடத்தில் பெட்டியின் நீல விளக்கு மட்டும் எரிகிறது. ஆனால் அந்தப் பெட்டியின் பெயருக்கு எதிரே பதிவேற்ற எண் ஓடிக்கொண்டே இருந்தது. படம் பார்க்கும் கருவிக்கு இறக்கம்தானே அதிகமாக இருக்க வேண்டும், ஏற்றம் எதற்கு? காலை ஆறு மணிக்குப் பார்த்தால் இரண்டு ஜிபிக்கு மேல் வெளியே போயிருந்தது. பெரியம்மா வீட்டு இணையத்தில் யாரோ முகமறியாத ஆள் என்னவோ செய்துகொண்டிருக்கிறான்.

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2024 செப்டம்பரில் டாக்டர் வெப் என்ற பாதுகாப்பு நிறுவனம், வோய்ட் என்ற தீநிரல் உலகம் முழுக்க ஏறக்குறைய 13 லட்சம் ஆண்ட்ராய்டு டிவி பெட்டிகளில் நுழைந்திருப்பதாகச் சொன்னது. நாங்கள் பெட்டியைக் கழற்றிய பிறகு, 2025 ஜூனில், அமெரிக்காவின் எஃப்பிஐ பேட்பாக்ஸ் 2.0 என்ற தீநிரல் பற்றி எச்சரிக்கை விட்டது. மலிவான சில பெட்டிகள் விற்பனைக்கு வரும் முன்பே இந்தத் தீநிரலோடு வருகின்றன. அதன் பிறகு உங்கள் வீட்டு இணைய முகவரி மற்றவர்களின் மோசடிக்கு முகமூடியாகிவிடுகிறது.

பெட்டி என்னவோ அதற்குள் தானாகவே செத்துவிட்டது. ஒன்பதாவது வாரம் எல்லாச் சேனலும் கறுப்பு. விற்றவர் கொடுத்த எண்ணில் யாரும் எடுக்கவில்லை. சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2022 மார்ச் 18 முதல் நடப்பில் இருக்கும் பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்தின்படி, உரிமை பெறாத நிகழ்ச்சிகளைக் காட்டும் இப்படிப்பட்ட ஸ்ட்ரீமிங் தொழில்நுட்பத்தைத் தயாரிப்பது, இறக்குமதி செய்வது, விற்பது எல்லாம் குற்றம். 10,000 வெள்ளி முதல் 200,000 வெள்ளி வரை அபராதம், 20 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். மாமாவிடம் இதைச் சொன்னேன். "நான் வாங்குனவன்தானே லா" என்றார்.

ஸ்டிக்: இரண்டு கோளாறு, ஒரே அறிகுறி

மே மாதம் ஒழுங்கான ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்றை 189 வெள்ளிக்கு வாங்கினேன். மலேசியத் தரச்சான்றான சிரிம் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று முதலில் பார்த்தேன், கூகிள் சான்று இருக்கிறதா என்று அமைப்புப் பக்கத்தில் பார்த்தேன். இரண்டும் இருந்தன. எச்டிஎம்ஐயில் செருகி, மின்சாரத்துக்கு டிவியின் யுஎஸ்பி துளையிலேயே வயரைக் கொடுத்தேன். கூடத்தில் பிளக் பாயிண்ட் தட்டுப்பாடு. சாமி மேடை விளக்கு ஒன்று, மேசை விசிறி ஒன்று, டிவி ஒன்று, அவ்வளவுதான். யுஎஸ்பியில் கொடுத்தால் பார்க்கவும் சுத்தமாக இருக்கும் என்று நினைத்தேன்.

பகலில் நன்றாக ஓடியது. இரவு ஒன்பதுக்கு மேல் தகராறு. "நிக்குதுடா தம்பி" என்று தினமும் அழைப்பு. இணையம்தான் காரணம் என்று முடிவு கட்டினேன். அது பாதிதான் உண்மை.

கைப்பேசியில் வைஃபை அலசும் செயலியைப் போட்டு டிவி பக்கத்தில் நின்று பார்த்தபோது 27 வைஃபை பெயர்கள் தெரிந்தன. பிளாட் வாழ்க்கை அப்படித்தான், மேலே கீழே இடது வலது எல்லா வீட்டிலும் ஒரு ரவுட்டர். 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒன்றோடொன்று மோதாமல் ஓடக்கூடிய தடங்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. ஒன்பது மணிக்கு எல்லாரும் வீட்டில் இருக்கும் நேரம் அந்த மூன்று தடத்திலும் ஜாலான் ஈப்போவின் ஆறு மணி நெரிசல். 5 கிகாஹெர்ட்ஸில் தடங்கள் அதிகம், ஆனால் அந்த அலை சுவரைத் தாண்டத் திணறும். ரவுட்டர் இருந்த அறைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு கான்கிரீட் சுவர், அதை ஒட்டிப் பெரியம்மாவின் இரும்பு பீரோ. பெரியம்மாவின் கல்யாணப் புடவையிலிருந்து அத்தனையும் அதற்குள்தான். அந்த இரும்பைத் தாண்டி வைஃபை வர வேண்டும்.

டிவி இருக்குமிடத்தில் வேகத்தை அளந்தேன். இரவு ஒன்பதரைக்கு 6 முதல் 9 எம்பிபிஎஸ் வரை ஏறி இறங்கியது. முழு எச்டிக்கு 5 போதும், 4கே தரத்துக்கு 15 வேண்டும் என்பது நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் அளவு. சராசரி போதுமானதாகத் தெரிந்தாலும் நடுநடுவே அது ஒன்றுக்குக் கீழே விழும்போதுதான் படம் நின்றது. 15 வெள்ளிக்குப் பத்து மீட்டர் லேன் வயர் வாங்கி, ரவுட்டரைக் கூடத்துக்குக் கொண்டுவந்து, ஸ்டிக்கை 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் இணைத்தேன். அதே இரவு 80-க்கு மேல் போனது. வெற்றி என்று வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் இரவு: "நிக்குதுடா தம்பி."

இந்த முறை கேள்வியை மாற்றிக் கேட்டேன். "பெரியம்மா, நிக்கும்போது என்ன தெரியுது? நடுவுல வட்டம் சுத்துதா, இல்ல மொதல்ல ஆன் பண்ணும்போது வர்ற படம் வருதா?" கொஞ்சம் யோசித்தவர், "அந்தக் கம்பெனிப் படம் வருதுப்பா" என்றார்.

அப்படியானால் அது இணையமே இல்லை. ஸ்டிக் அணைந்து மறுபடி எழுகிறது. பழைய டிவியின் யுஎஸ்பி துளை அரை ஆம்பியர்தான் கொடுக்கும், ஸ்டிக்கோடு வந்த அடாப்டரில் ஒரு ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கிறது. சாதாரணமாக ஓடும்போது சமாளித்துக்கொள்ளும். உயர்தரப் படத்தை விரிக்கும்போது, வைஃபை ஓங்கி ஓடும்போது, மின்சாரம் போதாமல் விழும். வேடிக்கை என்னவென்றால், நான் வைஃபையைச் சரிசெய்ததால்தான் படத்தின் தரம் ஏறியது, தரம் ஏறியதால்தான் விழுவது அதிகமானது. அடாப்டரைச் சுவரில் மாட்ட விசிறிக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் போட்டேன். தீர்ந்தது. கூடவே இன்னொன்றும் தீர்ந்தது: டிவியை அணைத்தால் யுஎஸ்பியும் அணைந்து, ஒவ்வொரு முறையும் ஸ்டிக் தூக்கத்திலிருந்து எழ ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டிருந்தது. அந்த ஒரு நிமிடத்தில் பெரியம்மா ரிமோட்டில் எல்லாவற்றையும் அழுத்திவிடுவார்.

அதன் பிறகு உறவுக்காரர் யார் கூப்பிட்டாலும் முதல் கேள்வி இதுதான் கேட்கிறேன். வட்டம் சுற்றினால் இணையத்தைப் பாருங்கள், கம்பெனிச் சின்னம் வந்தால் வயரைப் பாருங்கள்.

வீடு ஏன் அமைதியானது

ஜூன் நடுவில் தொழில்நுட்பப்படி எல்லாம் சரி. தமிழ்த் தொடர்கள் உள்ள செயலி ஒன்றுக்குச் சந்தா, பையனுக்காக ஒன்று, யூடியூப். பெரியம்மாவுக்குப் பிடித்த பழைய படங்கள் யூடியூபில் கொட்டிக் கிடக்கின்றன. அக்காவிடம் கேட்டேன், நன்றாக ஓடுகிறது என்றார். பெரியம்மாவிடம் கேட்டேன், "ம், ஓடுது" என்றார். அந்த 'ம்' எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு காலையிலிருந்து மாலை வரை அங்கேயே இருந்தேன். நோட்டுப் புத்தகத்தில் நேரத்தைக் குறித்துக்கொண்டேன். 8.10-க்கு டிவி போட்டார், நேற்றைய தொடரின் பாகம். 8.35-க்குச் சமையலறைக்குப் போய்விட்டார். டிவி ஓடிக்கொண்டிருந்தது. மூன்று பாகம் தானாக ஓடிய பிறகு, இன்னும் பார்க்கிறீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு நின்றது. சமையலறையிலிருந்து பெரியம்மா எட்டிப் பார்த்தார். கையில் மாவு. ரிமோட் சோபாவில். திரும்பிப் போய்விட்டார். வீட்டில் விசிறிச் சத்தம் மட்டும். 11.20 வரை அப்படியே இருந்தது.

அப்போதுதான் உறைத்தது. பெரியம்மா டிவி பார்ப்பவர் இல்லை, டிவியை ஓடவிடுபவர். பெரியப்பா போன பிறகு அந்த வீட்டில் பகலில் பேசிக்கொண்டிருந்தது 201 ஒன்றுதான். எதைப் பார்க்கலாம் என்று அவர் தேடியதில்லை. யாரோ ஓர் ஆள் நேரம் போட்டு, வரிசை போட்டு, செய்தி எப்போது பாட்டு எப்போது என்று முடிவு செய்து, நாள் முழுக்க ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த ஓட்டத்தில் ஓர் ஒழுங்கு இருந்தது. இந்தப் பாட்டு வந்தால் சாதம் வடிக்க வேண்டும், அந்தச் செய்தி வந்தால் பேரன் வரும் நேரம். சந்தா கட்டி அவர் வாங்கிக்கொண்டிருந்தது அதைத்தான். நான் கொடுத்ததோ ஒரு பெரிய அலமாரி. திறந்து எடுத்துக்கொள் என்றேன். அலமாரி தானாகப் பேசாது.

நேரக் கணக்கும் இடித்தது. மலேசியா இந்தியாவை விட இரண்டரை மணி நேரம் முன்னால். சென்னையில் இரவு 8 மணிக்குப் போடும் பாகம் நமக்கு 10.30. செயலியில் பார்ப்பதென்றால் மறுநாள் காலைதான், பெரியம்மா பத்து மணிக்கே படுத்துவிடுவார். தினமும் காலையில் தொடர் பார்ப்பது அவருக்கு ஒப்பவில்லை. "காலங்காத்தால அழுகாச்சி கேக்கவா விளக்கு வைக்கிறேன்?" என்றார். நியாயம்தான்.

குரலால் தேடச் சொல்லிக் கொடுக்க முயன்றதையும் சொல்ல வேண்டும். ஸ்டிக்கின் மொழி ஆங்கிலத்தில் இருந்தது. பெரியம்மா மைக் பொத்தானை அழுத்தி, கைப்பேசியில் தங்கையிடம் பேசுவதைப் போல உரக்க, "சாமி பாட்டுப் போடு" என்றார். அது சம்பந்தமே இல்லாத நாலு ஆங்கில வார்த்தையைத் திரையில் எழுதி, அதற்கேற்ற ஏதோ ஒரு நடன வீடியோவைக் கொண்டுவந்து நிறுத்தியது. பெரியம்மா ரிமோட்டைச் சோபாவுக்கு அடியில் வைத்தார். இரண்டு நாள் எடுக்கவில்லை.

ஸ்டோர் அலமாரியில் கிடந்த விடை

ஓடிக்கொண்டே இருக்கும் சேனல் வேண்டும், காசு கட்டாமல் வேண்டும், தட்டில்லாமல் வேண்டும். இதற்கு விடை 2019-இலிருந்தே அந்த வீட்டில் இருந்தது. அந்த ஆண்டு ஜூலை 21-இல் லங்காவியில் தொடங்கி அக்டோபர் 31-க்குள் நாடு முழுக்கப் பழைய அனலாக் ஒளிபரப்பை நிறுத்தினார்கள். அதற்கு முன்னோட்டமாக, அரசு உதவித்தொகை பெறும் குடும்பங்களுக்கு டிஜிட்டல் டிகோடர் இலவசமாகக் கிடைத்தது. பெரியப்பா போய் வாங்கி வந்திருக்கிறார். சந்தா இருந்ததால் பிரிக்கவே இல்லை. ஸ்டோர் அலமாரியில், பழைய பலகாரத் தகரங்களுக்குப் பின்னால், பிளாஸ்டிக் உறை கூடக் கிழியாமல் இருந்தது. பேட்டரி மட்டும் கசிந்திருந்தது.

இதைத்தான் முன்பு மைஃபிரீவியூ என்றார்கள், இப்போது மைடிவி மானா-மானா. டிவிபி-டி2 என்ற முறையில் தரைக்கோபுரங்களிலிருந்து வருகிறது. சாதாரண யுஎச்எஃப் ஏரியல் போதும். நீங்கள் அண்மையில் வாங்கிய டிவி என்றால் அநேகமாக டிகோடரே வேண்டாம், உள்ளேயே இருக்கும். டிவி1, டிவி2, டிவி3, பெர்னாமா எல்லாம் வரும், மாதக் கட்டணம் ஒரு சென்னும் இல்லை. டிவி2-இல் தமிழ்ச் செய்தி உண்டு. அதே டிகோடரில் வானொலி நிலையங்களும் வரும், அதில் தமிழ் வானொலியான மின்னல் எஃப்எம் இருக்கிறது.

35 வெள்ளிக்கு வீட்டுக்குள் வைக்கும் ஏரியல் ஒன்று வாங்கினேன். முதலில் டிவிக்குப் பின்னால் வைத்தேன், பாதிச் சேனல்தான் வந்தது. டிகோடரில் சிக்னல் அளவைக் காட்டும் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு, பையன் ஏரியலைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக நடந்தான், நான் எண்ணைக் கத்தினேன். சமையலறை ஜன்னலில் 80-க்கு மேல். துணி உலர்த்தும் மூங்கிலுக்குப் பக்கத்தில், உள்பக்கக் கம்பியில், கேபிள் டை போட்டுக் கட்டினோம். வெளிச்சுவரில் ஒன்றும் இல்லை, பராமரிப்புக் குழுவுக்கும் கவலை இல்லை.

இப்போது எச்டிஎம்ஐ 1-இல் டிகோடர், எச்டிஎம்ஐ 2-இல் ஸ்டிக். எதிலிருந்து எதற்கு எப்படி மாறுவது என்பதுதான் மீதி. ரிமோட் மூன்றாகிவிட்டது. சிஇசி என்ற வசதி இருந்தால் டிவி ரிமோட்டிலேயே ஸ்டிக்கையும் ஓட்டலாம். டிவி கம்பெனிகள் அதற்கு ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கின்றன, சாம்சங்கில் எனிநெட், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க். அமைப்புப் பக்கத்தில் அந்தப் பெயரைத் தேடி முடுக்கிவிட வேண்டும். முடுக்கினேன். ஸ்டிக்கின் முகப்பில் இருந்த மற்ற செயலிகளை எல்லாம் மறைத்து நான்கை மட்டும் விட்டேன். பிறகு மார்க்கர் பேனாவை எடுத்து ரிமோட்டில் எழுதப் போனேன்.

"அழிஞ்சிரும்டா" என்று பெரியம்மா எழுந்து போனார். கண்ணாடி மேசையிலிருந்து ஒட்டுப்பொட்டு அட்டையை எடுத்து வந்தார். சிவப்புப் பெரிய பொட்டு ஒன்றை டிகோடர் ரிமோட்டின் பவர் பொத்தானுக்கு மேல் ஒட்டினார். பச்சைச் சின்னப் பொட்டு டிவி2-க்குப் போகும் எண்ணில். கறுப்புப் பொட்டு, கண்ணேறுக்கு வைப்பது, ஸ்டிக் ரிமோட்டில் யூடியூப் பொத்தானில். மைக் பொத்தானுக்கு மேல் செல்லோடேப் போட்டு மூடிவிட்டார். நான் மூன்று மாதமாகச் செய்த எதையும் விட அந்த ஐந்து நிமிடம் அதிக வேலை செய்தது. ஆகஸ்டில் இருந்து "நிக்குதுடா தம்பி" வரவில்லை. பொட்டு ஒன்று உரிந்து விழுந்த நாளில் மட்டும் ஒரு முறை வந்தது.

கணக்கு

செலவு: ஸ்டிக் 189, ஏரியல் 35, லேன் வயர் 15, மொத்தம் 239 வெள்ளி. மாமாவின் கறுப்புப் பெட்டியை மறைக்காமல் சேர்த்தால் 489. முன்பு மாதம் 132 போனது, இப்போது இரண்டு செயலிக்கும் சேர்த்து 43. மாதம் 89 மிச்சம். ஒழுங்காகச் செய்திருந்தால் மூன்று மாதத்துக்குள் போட்ட காசு திரும்பியிருக்கும். நாங்கள் செய்த விதத்தில் ஐந்தரை மாதம் ஆனது. வெளிநாட்டுச் செயலிகளின் விலையைப் பார்க்கும்போது சேவை வரியையும் கூட்டிக்கொள்ள வேண்டும். 2020 ஜனவரி 1-இல் 6 விழுக்காடாக வந்தது, 2024 மார்ச் 1 முதல் 8 விழுக்காடு.

இந்தக் கணக்கில் இணைய பில்லை நான் சேர்க்கவில்லை, ஏனென்றால் அது எப்படியும் கட்டுவது. இதைப் படித்துவிட்டுச் சந்தாவை நிறுத்த நினைப்பவர்களில் பலர் இங்கேதான் ஏமாறுவார்கள். டிவிக்காக மட்டுமே புதிதாக ஃபைபர் எடுக்க வேண்டிய வீட்டில் மாதம் நூறு வெள்ளி அளவில் அதற்கே போய்விடும், மிச்சம் என்று ஒன்றும் நிற்காது. எதிர் வீட்டு ஆன்ட்டி கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் ஓட்டலாமா என்று கேட்டார். எச்டி படம் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜிபி வரை எடுக்கும். நாளுக்கு நான்கு மணி நேரம் என்றால் மாதம் 360 ஜிபி. அவர் பிளானைச் சொன்னார், வேண்டாம் என்றேன். அவருக்கு ஏரியல் மட்டும் வாங்கிக் கொடுத்தேன்.

இழந்ததையும் எழுத வேண்டும். 201 போனது போனதுதான். உள்ளூர்த் தமிழ் நாடகங்களில் நம் ஊர்ப் பேச்சு, நம் ஊர் வீடு, நமக்குத் தெரிந்த முகம். அதற்குச் சென்னைத் தொடர் ஈடாகாது, டிவி2-இன் தமிழ் நேரமும் போதாது. ஈப்போவில் இருக்கும் சின்னம்மா இன்னும் தட்டு வைத்திருக்கிறார். இரவு எட்டரைக்கு இருவரும் போனில் பேசும்போது கதை கேட்டுக்கொள்கிறார்கள். சின்னம்மா சொல்லச் சொல்லப் பெரியம்மா "அடிப்பாவி" என்பார். அதைச் சேமிப்பில் எழுதுவதா இழப்பில் எழுதுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

செப்டம்பர் கடைசியில் ஒரு பேட்மிண்டன் ஆட்டம். பையன் அறையில் கைப்பேசியில், அரசு ஒளிபரப்பின் ஆர்டிஎம் கிளிக் செயலியில் பார்த்துக்கொண்டிருந்தான். கூடத்தில் பெரியம்மா அதே ஆட்டத்தை ஏரியலில் ஓடவிட்டுக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். இணையத்தில் வரும் நேரலை, காற்றில் வருவதை விட அரை நிமிடம் போலப் பின்தங்கும். துண்டு துண்டாக வெட்டி, சேர்த்து, கொஞ்சம் சேமித்துக்கொண்டு ஓட்டுவதால் அப்படி. கடைசிப் புள்ளிக்குப் பிளாட் முழுக்கக் கத்தியது. அறைக்குள்ளிருந்து பையன், "பாட்டி, சொல்லாதீங்க, சொல்லாதீங்க!" என்று அலறினான்.

பெரியம்மா கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஜெயிச்சாச்சுடா" என்றார்.